கெர்னலே சொல்லட்டும்

வேம்புலியின் இரண்டு விரல்களை பிரஸ் மிஷின் வாங்கிக்கொண்ட பிறகு, அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி மூடிக் கிடந்தது. புரோகிராம் நடுவில் உறைந்துபோனால் கரண்டைத் துண்டிக்க மிஷினுக்குள் ஒரு காவல் உண்டு, அது அன்றும் இருந்தது, அவன்தான் கவனமில்லாமல் கையை விட்டான் என்று மேனேஜர் ராஜசேகரன் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

மிஷினை மறுபடி ஓட்ட இன்ஜினீயர் ஸ்ரீநாத் வந்து புது கெர்னல் ஏற்றினார். மிஷின் கம்ப்யூட்டருக்கு அடியில் ஓடுகிற மென்பொருள் அது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தயாரிக்கும்போதே முடிவு செய்வார்களாம். வாட்ச்டாக் என்கிற அந்தக் காவலைச் சேர்த்துத்தான் இருக்கிறோம் என்றார்.

மிஷினில் எது புதிதாக ஏறினாலும் டை என்கிற அச்சுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் முதல் அடி. மூத்தவன் என்பதால் வைக்கிற கை என்னுடையது. பழத்தை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை.

"காவல் உள்ள கீதுன்னு மிஷினே சொல்லட்டும் சார். அப்பால கைய வுடறேன்."

ஓடுகிற கெர்னலில் பார்க்க முடியாது, செட்டிங் எல்லாம் ஆபீசில் இருக்கிறது என்றார் ஸ்ரீநாத். வழியே இல்லையா என்றேன். ஒரு வசதி உண்டு, அதைச் சேர்த்தால் கெர்னல் தன் செட்டிங்கைத் தானே காட்டும், யார் படிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டோம் என்றார்.

நான் படிப்பேன் என்றேன். நாற்பது தாண்டித் தமிழும் இங்கிலீஷும் எழுத்துக்கூட்டக் கற்றவன், மெதுவாகத்தான் வரும்.

வேலை வேண்டாமா என்று மேனேஜர் கேட்டார்.

"வேணும் சார். வெரலும் வேணும்," என்றாள் பின்னாலிருந்து, எங்களோடு வேலை செய்யும் நாகவல்லி. எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம்.

ஸ்ரீநாத் வேறெதையும் தொடாமல் அந்த வசதியை மட்டும் சேர்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஏற்றினார். திரையில் வரிகள் ஓடின. வாட்ச்டாக் வந்ததும் நிறுத்தச் சொல்லி, விரல் வைத்துப் படித்தேன். இஸ் நாட் செட். காவல் இல்லை.

ஸ்ரீநாத் குனிந்து அந்த வரியைப் பார்த்தார். டெஸ்டுக்கு வைத்திருந்த செட்டிங் அப்படியே வந்துவிட்டது என்றார். வேம்புலி விரல் போன அன்று ஓடிய பழைய கெர்னலிலும் இதேதானா என்றேன். தலையாட்டினார்.

காவலைப் போடு, ஆனால் இந்தக் காட்டுகிற வசதியை எடுத்துவிடு என்று மேனேஜர் அவர் காதில் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

"அத்த எடுத்தா ஒர்த்தரும் ஏந்திரிக்க மாட்டோம்," என்றேன் மேனேஜரிடம். "வேம்புலி வரட்டும். இந்த வரிய அவன் முன்னால நீங்களே படிங்க சார். அப்பால காவலப் போடுங்க."

நாகவல்லி அதற்குள் அவனுக்குப் போன் போட்டிருந்தாள். திருநின்றவூரிலிருந்து ரயில் ஏறிவிட்டானாம். மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.