உப்பிய பேட்டரி

நெல்லையப்பன் இறந்த பிறகு தன் கேமராவின் பேட்டரியில் குடியிருந்தார். பாளையங்கோட்டையில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலமெல்லாம் கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பிழைத்தவர், வேறு எங்கே போவார்?

அவர் மனைவி கோமதி சமையல் முடிந்ததும் கேமராவை ஆன் செய்து கண்ணில் வைப்பாள். உள்ளே அவர் கட்டம் போட்ட சட்டையில் நிற்பார். சாப்பிட்டியா என்பார். சாப்பிட்டேன் என்பாள். உயிரோடு இருந்த காலத்திலும் அதற்கு மேல் பேசிக்கொண்டவர்கள் இல்லை. இருந்தாலும் அது இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

சார்ஜ் குறைந்துகொண்டே வந்தது. சார்ஜர் அவரை ஏற்க மறுத்தது. கோமதி ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்தாள். தீர்ந்துபோன டார்ச் செல்லை வெயிலில் வைத்தால் இன்னும் கொஞ்சம் எரியும் இல்லையா? அந்தக் கணக்கில் பேட்டரியை மொட்டை மாடியில், மோர் மிளகாய்க்குப் பக்கத்தில் காயப் போட்டாள். அவர் சற்றுத் தெளிந்து வந்தார். கோமதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தினமும் போட்டாள். பேட்டரி உப்பிவிட்டது.

அன்று டிவியில் தொழில்நுட்பச் செய்தி வாசித்தவர் புதிய கேமரா ஒன்றைப் பற்றிச் சொன்னார். அதற்கு ஷட்டர் சத்தம் கிடையாது, எதிரில் ஆளும் வேண்டியதில்லை. பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டுக் கோமதியைப் பார்த்தார்.

"அக்கா, உப்பினத வீட்ல வைக்காதீங்க. தீப்பிடிச்சிரும். குப்பையிலயும் போடாதீங்க. சேகரிப்பு மையத்துல குடுத்துருங்க."

"உள்ள ஆள் இருக்காரே."

"அதனாலதான் சொல்லுதேன்" என்றுவிட்டு அவர் அடுத்த செய்திக்குப் போனார்.

கோமதி கேமராவைக் கண்ணில் வைத்தாள். நெல்லையப்பன் முதுகு வளைந்து நின்றார். வாயிலிருந்து லேசாகப் புகை வந்தது.

"மூச்சு முட்டுது கோமு."

அவள் அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு எவர்சில்வர் டப்பாவில் மணலைப் போட்டுப் பேட்டரியை அதில் வைத்தாள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மையத்தின் நடைவழி நடக்க நடக்க நீண்டது. குடுக்க மனசில்லாதவங்களுக்கு அப்படித்தான் என்றார் முன்னால் போனவர். அவர் உள்ளங்கையில் அம்மாவின் காது மெஷின் பேட்டரி இருந்தது. பொத்தான் அளவுதான். அது அவரை ஓயாமல் வைதது. அவர் சரிம்மா, சரிம்மா என்று நடந்தார்.

கோடியில் ரப்பர் கையுறை போட்ட ஒருத்தி மணல் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். கையுறையைக் கழற்றாமலே டீ குடித்தாள்.

"உப்பலா, கசிவா?"

"உப்பல்."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

"காலியா?"

"ஒரு கோடு சார்ஜ் மிச்சமிருக்கு."

"அதத் தீர்த்துட்டுக் குடுங்க. டேப் ஒட்டிட்டா பேச முடியாது."

"அப்புறம் என்ன செய்வீங்க?"

"பிரிப்போம். செம்பு தனியா, கோபால்ட் தனியா."

"இவரு?"

அவள் டீயைக் குடித்து முடித்தாள். "இதுவரைக்கும் யாரும் மிஞ்சுனதில்ல."

கோமதி பேட்டரியைக் கேமராவுக்குள் திணித்துக் கண்ணில் வைத்தாள். நெல்லையப்பன் இன்று கழுத்தில் கேமராவோடு நின்றார். சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. அவளையே பார்த்தார்.

ஊரார் பெண்டாட்டிகளையெல்லாம் விதவிதமாக எடுத்த மனுஷன், சொந்தப் பெண்டாட்டியை ஒரு படம் எடுத்ததில்லை. கோமதிக்கு அது பெரிய குறை. கேட்டு வாங்குகிற சாதி அவள் இல்லை. கேட்காததை எடுத்துக் கொடுக்கிற சாதி அவரும் இல்லை.

அவர் கேமராவைத் தூக்கினார். வெளிச்சம் உள்ளேயிருந்து அவள் கண்ணில் அடித்தது. வழக்கம்போலக் குனிந்து, எடுத்ததைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"கண்ண மூடிட்டியே கோமு. இன்னொண்ணு எடுத்துக்கிடுவோம்."

கோடு அணைந்தது. உள்ளே இருட்டானது.

கையுறைக்காரி கேமராவை வாங்கிப் பேட்டரியை உருவினாள். டேப் ஒட்டி மணலில் புதைத்தாள். நகருங்கம்மா என்றாள்.

கோமதி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். முகத்தைத் துடைத்தாள். வாளியைப் பார்த்து நேராக நின்று, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள். வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. கண் எரிந்தது, தண்ணீர் வழிந்தது. அவள் இமைக்கவில்லை.