சாய்ந்த கோபுரம் பார்க்கப் போனவர்

"மீசை! ரெண்டாவது மாடி, செருப்புக் கடை வாசல். நீலச் சட்டை. கை எங்கே போகுதுன்னு பாரு."

அவள் வாக்கி டாக்கியில் சொல்லி வாய் மூடவில்லை, பதினோராம் நம்பர் மானிட்டரில் காவலாளி மீசை விறுக்கென்று திரும்பினான். நீலச் சட்டை, எடுத்த செருப்பை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நடையைக் கட்டியது. மீசை கேமராவைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினான்.

"கழுகு மேடம், உங்க கண்ணை இன்சூர் பண்ணணும்."

"முதல்ல உன் மீசையைப் பண்ணு. பாதி உதிர்ந்தாச்சு."

வணிக வளாகத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறை. ஏசி குளிருக்கு ஸ்வெட்டர். எதிரே சுவர் நிறைய மானிட்டர்கள். காவலாளிகள் அவளுக்கு வைத்த பெயர்தான் கழுகு. இருபது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். உலகம் அவளிடம் உள்ளங்கை அகலத்தில், சத்தமில்லாமல் வந்துபோகும். அந்த அறையில் ஒன்று மட்டும் நிச்சயம். ஸ்கிரீனில் தெரிவது அந்த நொடியில் நடப்பது. அதை நம்பித்தான் அவள் பிழைப்பே ஓடியது.

கார் நிறுத்துமிடத்துக் கேமரா ஒரு மாதமாகக் கெட்டுக் கிடந்தது. அதனால் மூலை மானிட்டர் காலி. கம்ப்யூட்டரில் இண்டர்நெட் இருந்தது. கேட்க யாரும் இல்லை.

மூலை மானிட்டரில் இப்போது பச்சைப் புல்வெளி. அதன் ஓரத்தில், குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்த வெள்ளைக் கோபுரம். இத்தாலியின் பைசா நகரம். ஊர் ஊராகக் கேமரா வைத்து நேரலை காட்டும் இணையதளம் அது.

அந்தப் புல்வெளி ஓரத்தில் ஒரு கூட்டமே காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிக்கிற மாதிரி போட்டோவாம். எடுக்கிறவருக்கு அப்படித் தெரியலாம். இந்தக் கேமராவுக்கு, இத்தனை பேருக்கும் ஒரே நாளில் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது.

ஆரஞ்சுத் தொப்பிகள் வந்துவிட்டன. டூர் கம்பெனி கொடுத்த தொப்பி. இருபது பேர் தலையிலும் அதேதான்.

அவளுக்குத் தொப்பி தேவையில்லை. நடை போதும். இரண்டு பக்கமும் சுவர் இருக்கிற மாதிரி தோளை ஒடுக்கிக்கொண்டு, அவ்வளவு பெரிய வெட்டவெளியிலும் ஒருக்களித்து நடந்து வந்தார் ஒருவர்.

அவள் புருஷன்.

வாழ்நாள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உயரமான கட்டடம் அத்தனையிலும் ஏறியிருக்கிறார், ஆனால் உள்பக்கமாக. இருட்டுச் சுரங்கம் மாதிரிக் குழாய்க்குள் கம்பியையும் கிரீஸையும் பார்த்தபடி. "நாற்பது மாடி ஏறினாலும் எனக்குத் தெரியறது சுவர்தான்டீ. வெளியே நின்னு அண்ணாந்து பார்க்கணும்" என்பார். ஈஃபிள் கோபுரம், கொலோசியம், லண்டன் மணிக்கூண்டு. எது டிவியில் வந்தாலும் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நின்றுவிடுவார், தேசிய கீதம் பாடின மாதிரி. அவளும் கூட நின்றிருக்கிறாள். அவளுக்கும் ஆசைதான். ஆசைப்படுவதில் அவள் குறை வைத்ததே இல்லை.

அவர் ரிடையர் ஆனதும் இரண்டு டிக்கெட் போட்டார். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அவள் சொன்னாள்: "எனக்கு லீவு கிடைக்கலைங்க."

அவர் விடுவாரா? மேனேஜருக்கே போன் போட்டுக் கெஞ்சினார். மேனேஜர் நல்ல மனிதர். உண்மையைச் சொல்லிவிட்டார். "மேடம் லீவே கேட்கலையே சார்!"

அன்றைக்கு வீட்டில் பாத்திரம் உருளவில்லை. உருண்டிருந்தால் தேவலை.

"ஏன் கேட்கலை?"

அவளுக்கே தெரியவில்லை. மானிட்டரில் அரை அடியாக அடங்குகிற உலகத்தோடு பழகியவள். அது திடீரென்று முழு உயரத்துக்கு எதிரே வந்து நின்றால் என்ன செய்வது? இதையெல்லாம் அப்படியே சொல்ல வரவில்லை. வாயில் வந்தது வேறு. "அங்கே போய் என்ன பார்க்கப்போறோம்? எல்லாம் ஸ்கிரீன்லயே பார்க்கலாமே."



"அப்ப என்னையும் அதுலயே பார்த்துக்கோ. நான் திரும்பி வந்தா நேரா அண்ணன் வீட்டுக்குப் போறேன். மாடி போர்ஷன் காலியாத்தான் இருக்கு."

சொன்னால் செய்கிறவர். தனியாகத்தான் போனார். போனதிலிருந்து ஒரு போன் இல்லை. அவளும் போடவில்லை. ஆனால் டூர் கம்பெனியின் பயணத் திட்டம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. எந்த நாள், எந்த ஊர் என்று அவளுக்கு அத்துப்படி.

லண்டனில் மழை. குடைகள்தான் தெரிந்தன. பாரிஸில் கண்டுபிடித்துவிட்டாள். ரோமிலும். போன இடத்திலெல்லாம் மற்றவர்கள் ஜோடி ஜோடியாக நிற்க, இவர் ஒவ்வொருவர் போனையும் வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இவரை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் கை போன் வரை போனது. கூப்பிட்டால் முதல் கேள்வி "எங்கேர்ந்து பார்த்தே?" என்பதுதான். 'ஸ்கிரீன்லதான்' என்று அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது? கை திரும்பி மடிக்கே வந்தது.

இன்றைக்கு விட்டால் இல்லை. பைசாதான் கடைசி ஊர். இன்று சாயங்காலம் விமானம். நாளை இறங்கி டாக்ஸியில் ஏறினால் வலது பக்கம் அவள் வீடு, இடது பக்கம் அண்ணன் வீடு.

"கழுகு மேடம், மூணாவது மாடி லிஃப்ட் கொஞ்சம் ஆடுதுன்னு கம்ப்ளெய்ண்ட்."

"மெக்கானிக் ஊர்ல இல்லை. படியில ஏறச் சொல்லு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாக்கி டாக்கியைக் கவிழ்த்து வைத்தாள். போனை எடுத்தாள். கூப்பிட்டே விட்டாள்.

மணி அடித்தது. மூலை மானிட்டரில் அவர் பையிலிருந்து போனை வெளியே எடுத்தார்.

அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

அவர் போனைப் பார்த்தார். நன்றாக, நிதானமாக, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு திரும்பப் பைக்குள்ளேயே போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். காதில் மணி இன்னும் அடித்துக்கொண்டே இருந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போனை வெட்டினாள். ஒரு செய்தி தட்டினாள். 'நான் கூப்பிட்டதைப் பார்த்துட்டு நீங்க போனை உள்ள வெச்சதை என் கண்ணால பார்த்தேன். தாராளமா உங்க அண்ணன் வீட்டுக்கே போங்க.'

அனுப்பியாகிவிட்டது.

மானிட்டரில் அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஒரு இளம் ஜோடி வந்து கேமராவை நீட்டியது. இவர் மண்டி போட்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவர்களைக் கோபுரத்தோடு பொருத்திக்கொண்டிருந்தார். ஊரார் கோபுரத்தையெல்லாம் நிமிர்த்துகிற அக்கறை!

அப்போதுதான் அவள் போன் அடித்தது.

அவர் பெயர்.

அவள் போனைப் பார்த்தாள். மானிட்டரைப் பார்த்தாள். அங்கே அவருடைய இரண்டு கையிலும் கேமரா. போன் பைக்குள்ளே, ஜிப் மூடியபடி. இங்கே போன் விடாமல் அடிக்கிறது. எடுத்தாள்.

"என்னத்தைப் பார்த்தே? எங்கேர்ந்து பார்த்தே?" அவர்தான். மூச்சு இரைத்தது.

"நீங்க... ரெண்டு கையாலயும் கேமராவைப் பிடிச்சுக்கிட்டு எப்படிப் பேசுறீங்க?"

"எந்தக் கேமரா? அந்தச் சின்னப் பசங்களோடதா? அதை அப்பவே எடுத்துக் கொடுத்தாச்சே. அவங்க ஐஸ்கிரீம் வாங்கவே போயாச்சு."

மானிட்டரில் அந்தப் பெண் இப்போதுதான் காற்றைத் தள்ளக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அங்கேயிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் படம் இரண்டு நிமிஷம் பின்தங்கிவிடுகிறது. அவர் போனைப் பார்த்து உள்ளே வைத்தது, இவள் கூப்பிடுவதற்கும் முன்னால். ஸ்கிரீனைத் தவிர வேறெதையும் நம்பாதவளை ஸ்கிரீனே கவிழ்த்துவிட்டது.

"நெட்ல நேரலை வருதுங்க. படம் லேட்டா வருது, எனக்குத் தெரியலை. நான் கூப்பிடறதுக்கு முன்னாடி எதுக்குப் போனை எடுத்துப் பார்த்தீங்க?"

"நீ கூப்பிட்டிருக்கியான்னுதான்." வெடுக்கென்று வந்தது பதில். "கேமரா, இந்த லைட் கம்பத்துல ஒண்ணு தொங்குதே, அதானே? கையைக்கூட ஆட்டினேன். பார்த்தியா?"

"ம்" என்றாள். அவள் இன்னும் பார்க்கவில்லை.

அவர் லேசாகச் சிரித்தார். "நீ அடிச்சப்ப போன் பைக்கு அடியில கிடந்தது. ஊரார் குடை, பிஸ்கட், மாத்திரை எல்லாம் என் பையிலதான். துழாவி எடுக்கறதுக்குள்ள கட்டாயிடுச்சு." சிரிப்பு சட்டென்று நின்றது. "இந்த ஊர்ல மட்டும்தான் கேமரா இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய்க்கு வாங்கியது போதும்.

"எல்லா ஊர்லயும் இருக்குங்க."

"பாரிஸ்ல?"

"பார்த்தேன்."

"ரோம்ல?"

"ஒரு சுவரோரமா உக்காந்து வாழைப்பழம் சாப்பிட்டீங்க. தோலைப் போட இடம் தெரியாம கையிலயே வெச்சுக்கிட்டிருந்தீங்க."



"இவ்வளவு நாளா, நீ பாட்டுக்குச் சாப்பிட்டுத் தூங்கி வேலைக்குப் போறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நெனைக்கக்கூட இல்லையேன்னு கோபம். இப்ப பார்த்தா, அதுவே தேவலையா இருக்கு." குரல் தணிந்தது. அவருக்குக் கோபம் ஏறினால் குரல் இறங்கும். "ஊர் ஊரா ஒத்தையா நின்னேன். அதையும் பார்த்துக்கிட்டு, போனை மடியில வெச்சுக்கிட்டு, சும்மா உக்காந்திருந்தே. இல்லே?"

"நாளைக்கு ஏர்போர்ட்டுக்கு வரேங்க."

"எதுக்கு? ஏர்போர்ட்ல கேமராவுக்கா பஞ்சம்? உக்காந்த இடத்துலேர்ந்தே பார்த்துக்கோ. அண்ணன் வீட்டு வாசல்லயும் ஒண்ணு மாட்டச் சொல்றேன், உனக்குச் சௌகரியமா இருக்கும்."

கட்.

அவள் திருப்பி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை.

செய்வதற்கு ஒன்றுமில்லை. முடிந்துபோனது இனிமேல்தான் படமாக வரும். போனை மேஜையில் வைத்துவிட்டுப் பார்த்தாள்.

மூலை மானிட்டரில் அவர் பையைக் கீழே கவிழ்த்திருந்தார். குடைகள் விழுந்து கிடந்தன. போனை எடுத்தார். செய்தியைப் படித்தார். ஒரு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு தலையைத் தூக்கி மரம், மாடம், கூரை என்று சுற்றிச் சுற்றித் தேடினார். ஒரு லைட் கம்பத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றார். தொப்பியைக் கழற்றி, குதிகால் எம்ப, அந்தக் கம்பத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். சின்னப் பிள்ளை ரயிலுக்கு ஆட்டுவது போல.

தப்பான கம்பம். கேமராவுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

பிறகு போனைக் காதில் வைத்தார். இப்போது என்ன பேசுகிறார் என்று அவளுக்குத் தெரியும். தோள் குலுங்கியது, அது அந்தச் சிரிப்பு. தோள் தாழ்ந்தது, அது வாழைப்பழம். கை ஒரு தடவை காற்றை வெட்டியது. அண்ணன் வீட்டு வாசல்.

போனை இறக்கினார். இதற்கப்புறம் நடந்தது அவளுக்குத் தெரியாது. மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வழிகாட்டி கொடியை ஆட்டினாள். ஆரஞ்சுத் தொப்பிகள் பஸ் பக்கம் நகர்ந்தன. அவரும் குடைகளைப் பொறுக்கிப் பையில் திணித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தார். நின்றார். போன் அடித்திருக்க வேண்டும், சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. திரும்பி அதே கம்பத்துக்கு எதிரே வந்தார். பேண்ட் பையிலிருந்து சீப்பை எடுத்து, நிதானமாக, வகிடு பிசகாமல் தலை வாரினார். பின்னந்தலையில் வட்டமாக வழுக்கை விழுந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அதை அவள் கவனித்ததே இல்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒடுக்கிய தோளை விரித்து, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கிற மாதிரி விறைப்பாக நின்றார். யாரும் எடுக்காத அவருடைய படத்தை, அந்தக் கம்பம் எடுக்கட்டும் என்று நின்றார்.

வழிகாட்டி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

அவர் நின்ற இடத்தில் ஒரு குடும்பம் வந்து காற்றைத் தள்ள ஆரம்பித்தது. அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் இந்நேரம் பாதி வழி போயிருக்கும். நாளைக்கு அவர் அண்ணன் வீட்டிலேயே இறங்கினாலும் இறங்கலாம்.

வாக்கி டாக்கியை நிமிர்த்தினாள்.

"மீசை, நாளைக்கு என் நாற்காலியில நீ உக்காரு."

"என்ன மேடம், உடம்புக்கு முடியலையா?"

"ஏர்போர்ட்டுக்குப் போகணும். இங்கேர்ந்து எப்படிப் போறது?"

"இது என்ன மேடம் கேள்வி? பஸ் நம்ம மெயின் கேட் எதிர்லயே நிக்குது. நாலாம் நம்பர் கேமராவைத் திருப்பினா உங்களுக்கே தெரியும்."

"கேமராவை விடு. இப்பவே வெளியே வரேன், நீ கேட் கிட்ட வந்து பஸ் எங்கே நிக்குதுன்னு கையைக் காட்டு."

ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு அவள் படியேறினாள்.