இருட்டில் வளர்ந்த அவரை

அன்று மாலை முன்னறையில் இருந்தவர்கள்: வாசல்பக்க நாற்காலியில் அத்தான், வேலைக்குப் போட்ட சட்டையைக்கூட மாற்றாமல். தையல் மிஷினுக்கு முன்னால் ஸ்டூலில் என் அக்கா. கட்டிலின் ஒரு முனையில் மூத்தவள், மறுமுனையில் இளையவள். இரட்டைப் பிள்ளைகள், ஒரே வகுப்பு. மேஜையருகே நான். இந்த வீட்டுக் கடிதங்களை எழுதுவது எப்போதும் என் வேலை.

விஷயம் இதுதான். வெளியூரில் ஓர் அறிவியல் பள்ளி. தங்க இடமும் சாப்பாடும் இலவசம். இருவர் பெயரும் அங்கே போயிருந்தன. ஆனால் ஒரு வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைத்தான் எடுப்பார்களாம். யாரை அனுப்புகிறோம், ஏன் அனுப்புகிறோம் என்று பெற்றோர் எழுத வேண்டும்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு மாப்ளே? பெரியவ பேரை எழுதுங்க. அறிவியல்ல தொண்ணூத்தெட்டு. சின்னவ எவ்வளவு?” என்றார் அத்தான்.

“அம்பத்தொண்ணு,” என்று இளையவளே சொன்னாள். “அதுவும் மிஸ் பாவம் பார்த்துப் போட்டது.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தானின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“அப்பா, அவ போகட்டும்,” என்றாள் மூத்தவள்.

“ஏன், ஹாஸ்டல்னா பயமா?”

“அதில்லப்பா. அந்த அவரைச் செடி...”

போன பருவத்தில் இருவருக்கும் ஒரே செய்முறை. ஒரு தொட்டி ஜன்னலில், ஒன்று அலமாரிக்குள். வெளிச்சம் இல்லாமல் செடி வளராது என்பது பாடம். மூத்தவள் அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். இளையவளோ, அலமாரிச் செடிதான் நெட்டையாக வளர்ந்தது, வெளிறிப்போய் நிற்கமுடியாமல் சாய்ந்தது, ஏன் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. கீழே, ‘பாடத்தைப் படிக்கவும்’. தண்ணீர் கூடிப்போயிருக்குமோ என்று அளந்து ஊற்றி மறுபடியும் வளர்த்தாள். மறுபடியும் நெட்டை. மறுபடியும் பெருக்கல் குறி.

“என்னோடதும் நீளமாத்தான் வளர்ந்துச்சுப்பா. பார்த்துட்டுத்தான் புக்குல இருந்ததை எழுதினேன்.”

“அப்போ உனக்குத்தான் புத்தி இருக்கு! கேட்டதைக் கொடுத்தே, மார்க்கை வாங்கினே.”

“அங்க புக்குல இல்லாததைக் கேப்பாங்கப்பா. இவதான் ஒண்ணைப் பிடிச்சா விடாம குடைவா. எனக்கு அது வராது.”

அத்தானிடமிருந்து வந்த குரல் அவர் குரலாகவே இல்லை.

“நாலு மார்க்ல என் படிப்பு நின்னுபோச்சும்மா. உனக்கு என்ன தெரியும்னு ஒருத்தனும் கேக்கல. இப்ப அம்பத்தொண்ணை அனுப்பி, வேணாம்னு திருப்பிட்டாங்கன்னா? ரெண்டு பேருக்குமே இல்லாமப் போயிடுமே.”

அத்தான் அக்காவைப் பார்த்தார்.

“ரெண்டும் நான் பெத்ததுதானே. எதைன்னு என் வாயால சொல்லச் சொல்றீங்க?” என்று அவள் நூல் கோக்காத மிஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

நான் மூத்தவள் பெயரை எழுதினேன். காரணமாக மதிப்பெண்களைப் பாடவாரியாக இறக்கினேன். இளையவள் என் தோளருகே வந்து நின்று படித்தாள்.

“மாமா, கீழ இடம் இருக்கே. அந்தச் செடி பத்தி ஒரு வரி போடுங்களேன். அவங்களுக்காவது ஏன்னு தெரிஞ்சிருக்கும்.”

அவள் அந்தப் பள்ளியில் இடம் கேட்கவில்லை. விடையைத்தான் கேட்டாள். நான் பேனாவை எடுத்தேன்.

“அதை எழுதினா பெரியவ பார்த்தது ஒண்ணு, எழுதினது ஒண்ணுன்னு வெளிய வந்துடாதா மாப்ளே? ஒரே வீடு, ஒரே அலமாரி. பெரியவ நோட்டைக் கேட்டாங்கன்னா?” என்றார் அத்தான்.

நான் யோசித்து முடிப்பதற்குள் இளையவளுக்குப் புரிந்துவிட்டது. “ஆமா, வேணாம் மாமா.” தமக்கையின் பக்கம் திரும்பி, “நீ போய் யார்கிட்டயாவது கேட்டு எனக்குச் சொல்லு,” என்றாள்.

“எப்படிக் கேக்கணும்னுகூட எனக்குத் தெரியாதுடி,” என்று மூத்தவள் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள்.

அத்தான் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை மடித்து உறையிலிட்டு, ஓரத்தை நனைத்து ஒட்டி, முகவரியை எழுதினேன். கடைசித் தபால் எடுப்பதற்கு முன் போட்டுவிட வேண்டும் என்று அத்தான் அதை வாங்கிக்கொண்டு வேகமாகப் போனார்.