பொருந்துகிற துளை

எதிரொலி வராமலிருக்கக் கம்பளிகள் தொங்கவிட்ட துணி அலமாரிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, அவள் காலையிலிருந்து செத்துக்கொண்டிருந்தாள். கணினி விளையாட்டு ஒன்றில் ஒரு பெண்ணை இரும்புக் கம்பியால் அடித்துக் கொல்கிறார்கள். முகம் யாருடையதோ, அலறல் இவளுடையது. முதல் அடிக்கு ஒரு வீறல், விலா முறியும்போது ஒன்று, கடைசியில் தொண்டைக்குள்ளேயே அடங்கிப்போகும் ஒன்று. கம்பெனியில் அவளுக்கு அலறல் அக்கா என்று பெயர்.

"மேடம், மறுபடியும் உடையுது." ஹெட்போனுக்குள் பேசியவன் கம்பெனியின் ஒருங்கிணைப்பாளன். தன் அலுவலகத்தில் உட்கார்ந்து இணையம் வழியே கேட்டுக்கொண்டிருந்தான். "தகரத்துல ஆணியால கிழிக்கிற மாதிரி இருக்கு. சத்தம் சுத்தமா வரணும்னுதானே புது ப்ரீஆம்ப் அனுப்பினோம்? மத்தியானத்துக்குள்ள வரலேன்னா வேற பொண்ணு ரெடியா இருக்கு. அப்புறம் என்கிட்ட வருத்தப்படக்கூடாது."

அவள் கணவன் தரையில் சம்மணமிட்டு வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கார்களுக்கு வயரிங் செய்பவன். பட்டறையை மூடியதிலிருந்து அந்த வீட்டில் வேலைக்குப் போவது அவள் தொண்டை மட்டும்தான். மைக்கை, ப்ரீஆம்ப் என்கிற அந்தப் புது இரும்புப் பெட்டியில் மாட்டி, பெட்டியிலிருந்து வந்த கேபிளை, கணினிக்குள் ஒலியை அனுப்பும் பழைய இன்டர்ஃபேஸின் முன்பக்கத்தில் செருகியிருந்தான். மூன்று பின், மூன்று துளை. கிளிக்கென்று உட்கார்ந்திருந்தது.

"சரியான எடத்துலதான் சொருகினீங்களா?"

"வண்டியில தப்பான எடத்துல பின்னு உள்ளேயே போகாதும்மா. போயிடுச்சுன்னா அதுதான் எடம்."

"இது வண்டி இல்லையே."

"நீ கத்துற வேலையப் பாரு. வயர் என் வேலை."

கதவு தட்டப்பட்டது. மாடி வீட்டில் குடியிருக்கும் காவலாளி பனியனோடு நின்றிருந்தார். இரவெல்லாம் ஒரு கிடங்கைக் காப்பவர். கண்கள் பழுத்துச் சிவந்திருந்தன.

"காலையில சீக்கிரமே முடிச்சிடுவேன்னு சொன்னியே தங்கச்சி. நேத்து கேட்டுல நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். சூப்பர்வைசர் போட்டோ எடுத்து வச்சிருக்கான். இன்னொரு தரம் பாத்தா வீட்டுக்குப் போன்னுடுவான்."

"இன்னும் ஒரே தடவைண்ணே. மெஷின் சண்டித்தனம் பண்ணுது."

"உன்னக் கொல்றவன் கொஞ்சம் சீக்கிரமாக் கொன்னாத்தான் என்ன?" அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. படியேறிப் போனார்.

ஒரே தடவை என்பது பல தடவைகளானது. ஒவ்வொன்றும் ஒருங்கிணைப்பாளனிடம் கிழிந்துதான் போய்ச் சேர்ந்தது. அவள் வாஷ்பேசினில் துப்பினாள். எச்சிலில் இளஞ்சிவப்பாக ஒரு நூல் ஓடியது. திரும்பி வந்து, மைக்கின் முன்னால் உட்கார்ந்தபடியே முணுமுணுத்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க."

இன்டர்ஃபேஸில், சத்தம் அளவு மீறினால் எரியும் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"நான் கத்தவே இல்லையே!"

அவன் எழுந்து வந்து சத்தத்தைக் கூட்டும் குமிழைப் பார்த்தான். அது ஏற்கெனவே அடிமட்டத்தில்தான் இருந்தது. இன்டர்ஃபேஸைத் தூக்கித் திருப்பினான். பின்பக்கம், 'லைன்' என்று எழுதிய வட்டமான ஒற்றைத் துளை இருந்தது. தலையில் அடித்துக்கொண்டான்.

"புதுப் பெட்டி சத்தத்தப் பெருக்கித்தான் அனுப்புது. முன்பக்கம் மைக்குக்கான எடம். அங்க சொருகினா இது அதையே இன்னொரு தடவை பெருக்குது. பின்னாடி சொருகினா பெருக்காம நேரா உள்ள போயிடும்."

"அப்போ காலையிலேர்ந்து என் தொண்டை?"

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மன்னிச்சிடும்மா."

"அடுத்த ஜென்மத்துல நீங்க கத்துங்க, நான் சொருகுறேன்."

பெட்டியோடு வந்த தடித்த ஒற்றைப்பின் கேபிள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடந்தது. பல்லால் கிழித்து எடுத்து மாட்டினான். விளக்கு பச்சைக்கு வந்தது.

"ஆஹா, மூச்சு விடுறதுகூடக் கேக்குது!" என்றான் ஒருங்கிணைப்பாளன். "ரெக்கார்டிங் ஓடுது மேடம். எல்லாத்தையும் ஒரே இழுப்புல குடுத்துடுங்க."

அவள் வயிற்றிலிருந்து காற்றைத் திரட்டி முதல் அடிக்கு வீறிட்டாள். இரண்டாவதன் பாதியில் கதவின் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு விழுந்தது. காவலாளி உள்ளே வந்தார். கையில் முழங்கை நீள எஃகு டார்ச். அவர் யாரையும் பார்க்கவில்லை, தரையிலிருந்த பெட்டிகளை மட்டும் பார்த்தார்.

"இத ஒடைச்சாத்தான் நான் தூங்குவேன்!"

"அண்ணே, கம்பெனி சாமான்ணே!" கணவன் பெட்டியின்மேல் கவிழ்ந்து படுத்தான். ஓங்கிய டார்ச் அவன் தோளில் விழுந்தது. அடுத்தது காதுக்கு மேலே. ஈரக் கட்டை பிளப்பதுபோல ஒரு சத்தம். இன்னொன்று. ரத்தம் புதுக் கேபிள் வழியாக வழிந்து தரைக்கு இறங்கியது.

அவள் பாய்ந்ததில் ஹெட்போன் வயர் கணினியிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

"ஐயோ, அடிக்காதீங்க! செத்துடுவாரு! யாராவது வாங்களேன்!"

பக்கத்து வீட்டுக்காரி சுவரில் குத்தினாள். "கொஞ்சம் மெதுவாத்தான் சாகேன்! டிவி கேக்க முடியல!"

வேறு எந்தக் கதவும் திறக்கவில்லை. காவலாளியின் கையிலிருந்து டார்ச் நழுவியது. "மெஷினத்தான்... நான் மெஷினத்தான் தம்பி..." மண்டியிட்டு, பிளந்த இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். விரல்களுக்கிடையே பொங்கி வந்தது.

கணினியின் ஸ்பீக்கர் பேசியது.

"மேடம்! இதான் மேடம்! ஒரு எடத்துலகூட உடையல. ஆனா ஆம்பளக் குரலும் நடுவுல விழுந்திருக்கு. அது இல்லாம இன்னொரு தடவை குடுத்துடுங்க. மணி பன்னெண்டு ஆகப்போகுது. அந்தப் பொண்ணு வெளியில காத்துக்கிட்டிருக்கு."

தரையில் கிடந்தவனின் உதடுகள் அசைந்தன.

"குடுத்துடு. முடிச்சிட்டு... ஆஸ்பத்திரி போலாம்."

அவள் கணவனைப் பார்த்தாள். பின் ஹெட்போனைத் தேடி எடுத்து, வயரை மறுபடி கணினியில் சொருகி மாட்டிக்கொண்டு, கம்பளிகளுக்கிடையே தலையை நுழைத்தாள். காவலாளி ஒரு கையால் காயத்தை அழுத்திப் பிடித்தபடி, முனகல் மைக்கில் விழுந்துவிடாதபடிக்கு, இன்னொரு கையால் அவள் கணவனின் வாயைப் பொத்தினார்.