பகல் இரண்டு மணி நெருப்பு

ஜமுனாமரத்தூரில் இளம்பெண்களுக்கான தலைமைப் பண்பு முகாம், மூன்று நாள். இரண்டாம் நாள் மதியத்துக்குள்ளேயே ஈஸ்வரிக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, பேச்சுதான் சகிக்கவில்லை. கண்ணாடி முன் நின்று "நான் ஒரு ராணி" என்று பத்து முறை சொல்லச் சொன்னார் பயிற்சி மேடம். பக்கத்தில் இருப்பவளைக் கட்டிக்கொண்டு அழச் சொன்னார். 'முகாம் மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்ற படிவத்தில் முதல் நாள் காலையிலேயே கையெழுத்து வாங்கியாயிற்று. தூ என்று துப்பலாம் போலிருந்தது அவளுக்கு.

ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கடைசி நாள் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். அவர் கையில் மனு கொடுக்கத்தான் அவள் வந்ததே. ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் காட்டு வழி, பஸ் கிடையாது. தங்கை கலைவாணி பத்தாவது பாஸ். "பஸ் வுட்டா படிக்கட்டும். இல்லன்னா மாப்ள பாக்கறேன்" என்று அப்பா ராஜாக்கண்ணு சொல்லிவிட்டார். மனுவில் ஊர்க்காரர்கள் நாற்பத்தாறு பேரின் கையெழுத்தும் கைநாட்டும் இருந்தன.

கடைசி நிகழ்ச்சி தீமூட்டல். அவரவர் பயத்தைத் தாளில் எழுதி நெருப்பில் போட்டால் பயம் போய்விடுமாம். அதிகாரி இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டுமே, அதனால் ராத்திரி மூட்டவேண்டிய தீயைப் பகல் இரண்டு மணி வெயிலில் மூட்டினார்கள். நாற்பது பெண்கள் வியர்வை வழிய வரிசையில் நின்றார்கள்.

ஈஸ்வரி முண்டியடித்துப் போய் மனுவை நீட்டினாள். "சார், எங்க ஊருக்கு பஸ்ஸு..."

ஸ்பீக்கர் பாட்டில் அவள் குரல் அமுங்கிப்போனது. அதிகாரி சிரித்தபடி வாங்கினார். வாங்கின கையோடு, கேமரா பக்கம் முகத்தைத் திருப்பி, நெருப்பில் போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். நாற்பத்தாறு பேரும் சுருண்டு கறுத்துப் போனார்கள்.

"ஐயோ, அது மனு, மேடம்!"

"பரவால்ல ஈஸ்வரி, அதுவும் ஒரு பயம்தானே. விட்டுடு." மேடம் அவள் முதுகைத் தட்டி, 'சிறந்த தலைவி' சான்றிதழைக் கையில் திணித்தார். கை பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போல அருவருப்பாக இருந்தது.

அதிகாரி டீ குடிக்கப் போனார். ஈஸ்வரி சான்றிதழைத் திருப்பித் தரையில் வைத்து, வழவழத் தாளில் வழுக்குகிற பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினாள். ஊர்ப் பெயர், பஸ், தங்கை பெயர். அதன் கீழே, முகாமில் அவளைப் போலவே மலைக் கிராமங்களிலிருந்து வந்திருந்த இருபது பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி டீ குடித்துவிட்டு வந்து காரில் ஏறியதும், எல்லாருமாகப் போய்க் காரின் முன்னால் நின்றார்கள்.

டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். ஒருத்தியும் நகரவில்லை. கண்ணாடி இறங்கியது.

"என்னம்மா, இன்னொரு பயமா?" என்று சிரித்தார் அதிகாரி.

"பயம் இல்லீங்க சார், பஸ்ஸு. இது கொளுத்தறதுக்கு இல்ல, படிக்கறதுக்கு." ஈஸ்வரி தாளை உள்ளே நீட்டினாள். "சத்தமா படிங்க. படிச்சு முடிச்சா வழி வுட்றோம்."