எழுந்திருக்கக் கூடாது

திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல்தான் அன்றைக்கு அவரைக் கூப்பிட்டார்கள்.

பழைய அச்சகத்தின் மாடியில் ஒரு மாதமாக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நாடக ஒத்திகை அல்ல, திட்டு வாங்கும் ஒத்திகை. ரயில் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் இருநூற்றுப் பதினான்கு வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. கதவு எண் இல்லாததால் முகவரி இல்லை. முகவரி இல்லாததால் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை, பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமும் இல்லை. கொடுத்த மனுக்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல். அதனால் வியாழக்கிழமை நகராட்சி அலுவலகத்துக்குள் போய் உட்காருவது, எண் கொடுக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவாகியிருந்தது. முடிவு செய்தவள் அவருடைய மனைவி.

ஊரே அவளை டீச்சர் என்றது. பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு இந்தப் போராட்டங்களுக்கு வந்து இருபத்தாறு வருடமாகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. கட்டிய கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது, பிறகு வேறு பெயர் வாயில் வரவில்லை.

டீச்சரின் பாடத்தில் இரண்டே விதிகள். யார் என்ன சொன்னாலும் எழுந்திருக்கக் கூடாது. ஒருத்தர் எழுந்தால் வரிசை உடைந்துவிடும். அடுத்தது, கைகோத்து உட்கார்ந்திருக்கும்போது பேசாமலே பேசிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கையை ஒருமுறை அழுத்தினால் "இருக்கியா?" என்று கேள்வி. இரண்டுமுறை அழுத்தினால் "இருக்கேன்" என்று பதில். தினமும் சாப்பாடு கொண்டுவந்து பார்த்த கணவருக்கே அது மனப்பாடம்.

அதிகாரி வேஷத்தில் நின்று திட்டுகிற வக்கீலுக்கு அன்று காய்ச்சல். டீச்சருக்குச் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்தவரை, வரிசையில் இருந்த லாண்டரிக்காரம்மா மடக்கினாள்.

"சார் ஸ்டேஷன்ல முப்பது வருஷம் மைக்ல பேசினவராச்சே. அந்தக் குரலுக்கு ரயிலே நிக்கும். அவரே திட்டட்டும்."

"குரல் சரியில்லம்மா" என்றார் கரகரப்பாக.

மூன்று வாரமாகவே அப்படித்தான். சளி என்று முடிவுகட்டிய டீச்சர், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டாள்.

சளி அல்ல என்று அவருக்குத் தெரியும். தொண்டையில் கட்டி. வியாழக்கிழமை காலை அறுவை சிகிச்சை என்று மருத்துவர் நாள் குறித்திருந்தார். எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியும், குரல் திரும்புமா என்பதும் அப்புறம்தான். கூட வருகிறவர் யார் என்று கேட்ட தாளில் தம்பியின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். எட்டு நாளாக மனைவியிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் பாவம், போராட்டத்தை விட்டுவிட்டு வந்துவிடுவாளே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மை. சொல்லியும் அவள் வராமல் போய்விட்டால்? அந்த மீதிப் பாதிதான் அவரைத் தூங்கவிடவில்லை. அவர் பணி ஓய்வு பெற்ற அன்று பாராட்டுக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது; டீச்சர் லாக்கப்பில் இருந்தாள். மறுநாள் மாற்றுத் துணியும் பல்பொடியும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்தான் அவர். கோபித்துக்கொள்ளத் தெரியாத மனுஷன்.

தரையில் சாக்கட்டிக் கோடு. கோட்டுக்கு அப்பால் பன்னிரண்டு பேர் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டீச்சர், அவளை ஒட்டி லாண்டரிக்காரம்மா. முந்தின நாள் வக்கீல் ஒத்திகைக்காக இவள் மகளைப் பற்றி ஏதோ சொல்லப்போக, சீறிக்கொண்டு எழுந்துவிட்டாள். அதற்கு டீச்சர் அரை மணி நேரம் வறுத்தெடுத்திருந்தாள்.

அவர் கோட்டுக்கு இப்பால் வந்து நின்று தொண்டையைச் செருமினார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

அறையே சிரித்தது.

"பழக்கதோஷம்" என்றார். "இங்க உட்காரக் கூடாதுங்க. தயவுசெஞ்சு எழுந்திருங்க."

"என்னங்க, விருந்துக்கா அழைக்கிறீங்க?" என்றாள் டீச்சர்.

"படிக்காத கூட்டம்" என்றார். உடனே ஓரத்தில் இருந்த பெரியவரிடம், "உங்கள இல்லீங்க" என்றார்.

டீச்சருக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த விளக்கெண்ணெய்ப் பேச்செல்லாம் அங்க பேச மாட்டாங்க. எங்க தொட்டா வலிக்கும்னு பார்த்துத் தொடுவாங்க. எனக்கு எங்க வலிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அதச் சொல்லுங்க. எழுந்திருக்கிறேனா பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். முன்னந்தலையெல்லாம் நரைத்துவிட்டது. மடக்கினால் வலிக்கிற முழங்காலை மடக்கித்தான் உட்கார்ந்திருந்தாள். அவருக்குக் கோபமே இல்லை. சொல்லித் தொலைத்துவிட்டால் போதும் என்றிருந்தது.

"வியாழக்கிழமை காலைல எனக்கு ஆபரேஷன்" என்றார். "தொண்டையில கட்டி. கூட வர்ற ஆள்னு தம்பி பேர எழுதிக் கொடுத்துட்டேன். நீதான் அங்க உட்கார்ந்திருப்பியே."

"அப்படிப் போடுங்க சார்" என்று பின்னாலிருந்து ஒருவர் கைதட்டினார்.

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தாள். மூன்று வாரச் சளி, உப்புத் தண்ணீர், ஒவ்வொரு வாய்க்கும் அவர் நிறுத்தி நிறுத்தி விழுங்கியது எல்லாம் இப்போதுதான் அவளுக்கு ஒன்றாகக் கூடிவந்தது. லாண்டரிக்காரம்மா அவள் கையை ஒருமுறை அழுத்தினாள். பதில் வரவில்லை. டீச்சர் கையை உருவிக்கொண்டு, தரையில் ஊன்றி, முழங்கால் சொடக்கு விட எழுந்து நின்றாள்.

"ஊருக்குத்தான் உபதேசமா டீச்சர்?" என்று சிரித்த கைதட்டியவர், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"எத்தனை நாளா தெரியும்?"

"எட்டு நாள்."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்லையா?"

"தோணுச்சு. நீ போன்ல இருந்தே."

குத்திக்காட்டச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கோட்டைத் தாண்டி வந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள்.

"இவங்கள விட்டுட்டு நீ வரக் கூடாது டீச்சர்" என்றார் அவர்.

"சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் லாண்டரிக்காரம்மா. "டீச்சர், நீங்க எழுந்தாலும் நாங்க உட்காருவோம். அதுக்குத்தானே ஒரு மாசமா எங்க உயிர எடுத்தீங்க." சொல்லிவிட்டு நகர்ந்து, நடுவில் இருந்த காலி இடத்தை அடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை மருத்துவமனைத் தாளில் தம்பியின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள் டீச்சர். வெளியே காத்திருந்தபோது மூன்று தடவை வேறு வேறு நர்ஸிடம் ஒரே கேள்வியைக் கேட்டாளாம். ஊர் அதிகாரிகளையெல்லாம் நடுங்கவைத்தவள் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று தம்பி பிற்பாடு சொன்னான்.

மத்தியானம் அவருக்கு நினைவு வந்தது. கழுத்தில் கட்டு. மூன்று வாரம் பேசவே கூடாது என்று உத்தரவு.

"முழுசா எடுத்துட்டாங்க" என்றாள். "சோதனைக்கு அனுப்பியிருக்காங்க, பத்து நாளாகும். குரலைப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதாம். உள்ளதச் சொல்லிட்டேன். நானும் இனிமே எதையும் மறைக்க மாட்டேன், நீங்களும் மறைக்காதீங்க."

அவர் கையைத் தேடி எடுத்து ஒருமுறை அழுத்தினாள். அவர் இரண்டுமுறை அழுத்தினார். நம்பாதவள்போல மறுபடி அழுத்தினாள். மறுபடியும் இரண்டுமுறை.

அப்போது அவள் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள், லாண்டரிக்காரம்மா. அப்படியே கட்டில்மேல் கவிழ்த்து வைத்தாள். நின்றுவிட்டு மறுபடி அதிர்ந்தது.

"அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

வீட்டில் அவர் வெறுத்த ஒரே பொருள் அந்தப் போன். கையை நீட்டி அவரே அதை எடுத்தார். பச்சைப் பொத்தானைத் தொட்டு அவள் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், இன்னும் ஒருத்தரும் எழுந்திருக்கல" என்று லாண்டரிக்காரம்மாவின் குரல் அவருக்கும் கேட்டது. "பெரிய அதிகாரியே இறங்கி வந்திருக்கார். அது கெடக்கட்டும். சார் எப்படி இருக்கார்?"

டீச்சர் வாயைத் திறந்தாள். கண்ணீர் மட்டும் வந்தது.

அவர் அவள் கையை ஒருமுறை அழுத்தினார்.

அவள் இரண்டுமுறை அழுத்தினாள்.