வெளுத்த பஞ்சு

கணவர் போன பிறகு டீச்சருக்கு மிஞ்சியவை பதினொரு மீன்களும், திறக்க மறுக்கும் ஒரு கம்ப்யூட்டரும்தான். "மீனை எப்படிப் பார்த்துக்கணும்னு எல்லாம் அதுல எழுதி வெச்சிருக்கேன்" என்று ஆஸ்பத்திரியில் சொன்ன மனுஷர், பாஸ்வேர்டைச் சொல்லாமலே கண்ணை மூடிவிட்டார். டீச்சர் கம்ப்யூட்டரை மெக்கானிக் கடையில் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வாரம் தொட்டித் தண்ணீர் லேசாகக் கலங்கியது. டீச்சர் ஃபில்டரைத் திறந்தார். உள்ளே பஞ்சு கறுத்து, வழவழவென்று இருந்தது. "சீ, இதையா இத்தனை நாளா உள்ள வெச்சிருந்தீங்க?" என்று சுவரில் இருந்த கணவர் படத்தைத் திட்டிக்கொண்டே, குழாயடியில் வைத்துப் பஞ்சு வெளுக்கும்வரை கசக்கி அலசினார்.

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஐந்தாம் நாள் தொட்டியில் ஒன்றுகூட இல்லை.

ஆறாம் நாள் மெக்கானிக் வந்தார். "திறந்துடுச்சுக்கா. உங்களுக்குன்னு ஒரு ஃபைல் இருக்கு." காலித் தொட்டியைப் பார்த்தபடியே கம்ப்யூட்டரை மேஜையில் வைத்து ஃபைலைத் திறந்து காட்டினார். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"பஞ்சை மட்டும் குழாய்த் தண்ணில அலசிடாதே. தண்ணியைச் சுத்தம் பண்ற கிருமி அந்த அழுக்குலதான் இருக்கு. அது போனா மீன் பிழைக்காது. தொட்டித் தண்ணிலயே லேசா பிழிஞ்சா போதும். அழுக்கைக் கண்டா உன் கை சும்மா இருக்காது. நேர்ல சொன்னா சண்டைக்கு வருவே. அதான் எழுதறேன்."

டீச்சர் படத்தைப் பார்த்தார்.

"சண்டை போட்டாவது சொல்லியிருக்கலாமே."